யத்தீம் பிள்ளைகளும் அரசு நிதியும்
(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

தந்தையை இழந்த பிள்ளையை வெளியூர் இல்லம் ஒன்றில் சேர்ப்பது நெடுநாளைய வழக்கம். அதற்குக் காரணம் தாயின் பாசக்குறைவு அன்று; வறுமையே. உணவும் படிப்பும் இல்லத்தில் மட்டுமே கிடைக்குமாயின், பிள்ளையும் அங்குதான் செல்லும். ஆகவே, அரசு தன் நிதியைக் கட்டடத்திற்குத் தருகிறதா, குடும்பத்திற்குத் தருகிறதா என்பதே பிள்ளை வளரும் இடத்தைத் தீர்மானிக்கிறது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைத்துள்ளது. 2022இல் வகுக்கப்பட்ட 'மிஷன் வாத்சல்யா' நெறிமுறைகளின்படி, இல்லத்தில் வாழும் பிள்ளையின் பராமரிப்புக்கு மாதம் 3,000 ரூபாய். உறவினர் வீட்டிலோ வளர்ப்புக் குடும்பத்திலோ வாழும் பிள்ளைக்கு 4,000 ரூபாய். விதவைத் தாயிடம் வளரும் பிள்ளையும் இந்த நிதி ஆதரவைக் கோரலாம். செலவில் 60 விழுக்காடு மத்திய அரசினுடையது. 40 விழுக்காடு மாநில அரசினுடையது. இதுவன்றி, தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக்கரங்கள்' திட்டம் மாதம் 2,000 ரூபாய் வழங்க வகை செய்தது.

ஆயினும், வருமான வரம்பு ஒன்று உண்டு. மத்திய நெறிமுறையில் அது கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய். பிற இடங்களில் 96,000 ரூபாய். நாளொன்றுக்கு 300 ரூபாய் கூலியில் மாதம் 25 நாள் உழைக்கும் தாயின் ஆண்டு வருமானம் 90,000 ரூபாய். வாடிப்பட்டி பேரூராட்சிக்குள் குடியிருப்பவர் வரம்பிற்குள் அமைவார். அதே கூலி பெற்று அடுத்த ஊராட்சியில் குடியிருப்பவர் வரம்பைத் தாண்டிவிடுவார். இத்தகைய குடும்பங்களையே நம் பைத்துல்மால் முதலில் நாட வேண்டும்.

வளர்ப்புப் பராமரிப்பு நமக்கு அந்நியமானதன்று. பிள்ளையின் வம்சப் பெயரை மாற்றாமல் பொறுப்பேற்கும் கஃபாலா முறையை, 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையே பெயர் குறிப்பிட்டு ஏற்றுள்ளது. எனினும், குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின்றிப் பிறர் பிள்ளையை எவரும் தாமாக ஒப்படைத்தலோ பெறுதலோ கூடாது.

யத்தீம்கானா தொடங்க விரும்புவோரும் ஒன்றை அறிதல் வேண்டும். அரசின் ஒரு ரூபாயும் பெறாத இல்லமாயினும் பதிவு கட்டாயம். தமிழ்நாட்டு இல்லங்கள் குறித்து எழுந்த வழக்கில் 2017 மே மாதம் உச்ச நீதிமன்றமும் பதிவை வலியுறுத்தியது.

நம் மஹல்லாவில் தந்தையையோ தாயையோ இழந்த பிள்ளைகளின் பட்டியலை முதலில் எடுப்போம். இறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளிப் படிப்புச் சான்று, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சேர்க்கத் தாய்மார்களுக்குத் துணை நிற்போம். மதுரையிலுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிற்கு அவர்களுடன் செல்வோம். ஆபத்திலுள்ள பிள்ளைக்கு 1098 என்னும் எண் உண்டு என்பதை வீடுதோறும் அறிவிப்போம். அரசு நிதி தாமதமாகும் மாதங்களில் பைத்துல்மால் கைகொடுக்கட்டும். வறுமை ஒன்றிற்காக எந்தப் பிள்ளையும் தாயைப் பிரியாதிருக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.