மருந்தல்ல, விஷம்!

(விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் கூட்டங்களில் வழக்கமாகப் பேசப்படும் கடவுள், மதம், ஜாதி ஆகிய விஷயங்களைப் பற்றிப் பேச இன்று நான் வரவில்லை. பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்தைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். இது விவசாய இலாகாக்காரர் பேச வேண்டிய பேச்சாயிற்றே, சுயமரியாதைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். பேச்சு முடிவதற்குள், நாம் வழக்கமாகப் பேசும் சங்கதிகளெல்லாம் இந்த ஒரு டப்பாவுக்குள் அடங்கியிருப்பதைக் காண்பீர்கள்.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். "வயலுக்கு மருந்து அடிக்கிறேன்" என்கிறோம். விற்கிற கடையை "மருந்துக்கடை" என்கிறோம். காய்ச்சலைத் தீர்ப்பதற்கும் மருந்து என்று பேர். உயிரைத் தீர்க்கக் கூடியதற்கும் மருந்து என்றே பேர்! பேர் ஏமாற்றும்போது புத்தி தூங்கிவிடுகிறது. மருந்து என்று சொல்லிக்கொண்டே வாளியில் வெறுங்கையை விட்டுக் கலக்குகிறோம். விஷம் என்று சொல்லிப் பழகியிருந்தால் கையை விடுவோமா? வஞ்சகமான பேர்களால் நாம் கெட்டது கோயிலில் மட்டுமல்ல, வயலிலும்தான். ஆதலால் இந்தப் பேச்சில் நான் அதை விஷம் என்றே சொல்லப் போகிறேன்.

குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், குயினால்பாஸ், டைமெத்தோயேட், மோனோகுரோட்டோபாஸ் என்பவையெல்லாம் ஒரே குடும்பம். ஆர்கனோபாஸ்பேட் என்பது அந்தக் குடும்பப் பேர். இதன் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற ரசாயன நிபுணர் பூச்சியைக் கொல்ல வழி தேடிக்கொண்டிருந்தார். 1936ல் அவர் கையில் அகப்பட்ட பொருள் மனிதனையும் கொல்லும் என்று தெரிந்தவுடன், அதைப் பட்டாளத்தார் யுத்த விஷமாக எடுத்துக்கொண்டார்கள். தபுன் என்பது அதன் பேர். 1938ல் கண்ட சாரின் அதைவிடக் கொடியது. நம் ஊரில் பழைய ஆட்கள் "பாலிடால்" என்று சொல்லுவார்களே, அந்தப் பாரத்தியானும் அவர் கண்டுபிடித்ததுதான். யுத்தகளத்து விஷமும் வயல்வெளி விஷமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றால் மிகையல்ல. ஒன்றின் வேகம் கூடுதல், மற்றதன் வேகம் குறைவு; வேலை செய்யும் விதம் ஒன்றே.

அது எப்படி வேலை செய்கிறது? நரம்பானது தசைக்குக் கட்டளை இடும்போது அசிட்டைல்கோலின் என்ற ஒரு பொருளைத் திறந்து விடுகிறது. தசை சுருங்குகிறது. உடனே கோலினெஸ்டரேஸ் என்ற மற்றொரு பொருள் வந்து அதை அழித்துக் கட்டளையை முடித்து வைக்கிறது. மடையைத் திறப்பவன் ஒருவன், அடைப்பவன் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷம் அடைக்கிறவன் கையைக் கட்டிப் போட்டுவிடுகிறது. பிறகு என்ன ஆகும்? திறந்த மடை திறந்தபடியே ஓடும். கண்ணில் நீர், வாயில் எச்சில், உடம்பெல்லாம் வேர்வை, வாந்தி, பேதி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிப் பார்வை மங்கும், சதை தானாகத் துடிக்கும், வலிப்பும் வரலாம். மார்பில் சளி நிறைந்து, மூச்சு விடும் தசைகள் ஓய்ந்து, கடைசியில் மூச்சு நிற்கும்.

இப்படி ஒருவன் வயலிலிருந்து வந்து நுரை தள்ளி விழுந்தால், நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? "உச்சி வெயிலில் போனான், காத்துக்கருப்பு அடித்துவிட்டது" என்கிறார்கள். வேப்பிலையும் விபூதியும் தேடுகிறார்கள். தோழர்களே, பேய்க்குக் கண்மணியைச் சுருக்கத் தெரியுமா? கோலினெஸ்டரேஸ் எது என்று தெரியுமா? பூசாரி உடுக்கை அடிக்கிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் பிழைத்திருக்கக் கூடியவன் செத்துப் போகிறான். செத்த பிறகு "அவன் விதி அவ்வளவுதான்" என்று ஒரு வார்த்தையால் எல்லார் குற்றத்தையும் மூடிவிடுகிறோம்.

இந்த விதியைக் கொஞ்சம் பரீட்சை செய்து பார்ப்போம்.

1958ல் உணவுப் பொருள்கள் ஏற்றிய கப்பலில் பாரத்தியானையும் ஏற்றினார்கள். அது ஒழுகி மாவிலும் சர்க்கரையிலும் கலந்தது. கேரளத்தில் அவற்றைத் தின்றவர்களில் 100 பேருக்கு மேல் மாண்டார்கள். அத்தனை பேர் ஜாதகத்திலும் ஒரே நாளில் ஒரே கண்டமா இருந்தது? சோற்றையும் விஷத்தையும் ஒன்றாக ஏற்றியதுதான் கண்டம். அதன் பிறகே 1968ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது.

2013 ஜூலையில் பீகாரில், சரண் ஜில்லாவில் ஒரு சிறு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்ததாகப் பரிசோதனையில் கண்டார்கள். அந்தப் பச்சைக் குழந்தைகள் எந்த ஜன்மத்தில் என்ன பாவம் செய்தார்கள் என்று கர்மபலன் பேசுகிறவர்கள் சொல்லட்டும்.

2017ல் மகாராஷ்டிரத்தில், யவத்மாள் ஜில்லாவில் பருத்திக்கு விஷம் அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த செடிக்குள் நுழைந்து, தலைக்கு மேல் தூக்கி அடித்தார்கள். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. அடித்த விஷம் அடித்தவன் மேலேயே இறங்கிற்று. அங்கே மாண்டவர்களில் கூலிக்குப் போன ஏழைகள் எத்தனை பேர், கடையில் உட்கார்ந்து விற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். விதி எப்பொழுதும் ஏழை முதுகையே தேடி வருவானேன்?

இன்னொன்றும் சொல்லுகிறேன். இலங்கையில் தற்கொலைச் சாவு உலகத்திலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்றாக இருந்தது. 1995ல் அந்நாட்டார் மோனோகுரோட்டோபாஸ் முதலான கொடிய விஷங்களை வயலுக்கு வராமல் நிறுத்தினார்கள். அடுத்த 10 வருஷத்தில் அந்தச் சாவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. சிங்களவர், தமிழர் தலையெழுத்தையெல்லாம் பிரம்மா உட்கார்ந்து திருத்தி எழுதினாரா? இல்லை. மனக்கஷ்டத்தில் ஒரு நொடி தவறுகிற மனிதனுக்கு எட்டும் இடத்தில் விஷம் இல்லாமல் போயிற்று, நொடி கடந்தது, ஆள் பிழைத்தான். விதி என்று சொல்லப்பட்டது ஒரு சர்க்கார் உத்தரவுக்கு அடங்கிவிட்டது என்றால், அதற்கு விதி என்று பேர் எதற்கு?

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? விஷம் வாய் வழியாகத்தான் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. தோல் வழியாகவும் போகும், மூச்சு வழியாகவும் போகும். வயலில் வேலை செய்கிறவனுக்குப் பெரும்பாலும் தோல் வழியாகத்தான் போகிறது. ஆயுத பூஜையன்று ஸ்பிரேயருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூச்சூட்டிக் கும்பிடுகிறோம். ஆனால் அதில் தேய்ந்துபோன வாஷரை மாற்றுகிறோமா? மாற்றாததால் டேங்கு ஒழுகி, முதுகு நனைந்து, சட்டை ஊறி, நாள் பூராவும் விஷம் உடம்பில் இறங்குகிறது. சந்தனம் ஒழுகலை அடைக்காது, வாஷர் அடைக்கும். ராகுகாலம், எமகண்டம் பார்த்துக் கிளம்புகிறவன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பதில்லை. ராகு உன் மூக்கில் வந்து ஏறமாட்டான். எதிர்க்காற்றில் அடித்த விஷம் ஏறும். காலையிலோ சாயங்காலத்திலோ, வெயில் தாழ்ந்த நேரத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி அடிக்க வேண்டும்.

கலக்குவதற்குக் குச்சி வேண்டும், கை கூடாது. டப்பாவில் இருக்கும்போதுதான் விஷத்துக்கு முழு வீரியம். ஆகவே அடிக்கிற நேரத்தைவிடக் கலக்குகிற நேரத்தில் அதிக ஜாக்கிரதை வேண்டும். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ரப்பர் பூட்ஸ், தகுந்த முகமூடி ஆகியவை வேண்டும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்பது வீண் தைரியம். துண்டு நனைந்தால் விஷத்தை மூக்கோடு சேர்த்துப் பிடித்து வைக்கும். நாசில் அடைத்துக்கொண்டால் வாயை வைத்து ஊதக் கூடாது. நடுவில் பீடி, வெற்றிலை, சோறு எதுவும் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். அந்தத் துணியைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். வயலுக்கே போகாத உங்களுக்கும் அந்தத் துணி வழியாக விஷம் வரும்.

டப்பாவில் சாய்சதுரமாக ஒரு வர்ண அடையாளம் இருக்கும். சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் கொடியது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் வர்ணம் தெரியும். காலி டப்பாவைக் கழுவி எண்ணெய், உப்பு, தண்ணீர் வைக்கிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி, டப்பாவை ஓட்டை போட்டு விடுங்கள். மிச்ச விஷத்தைச் சாராய பாட்டிலிலோ சோடா பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். வீட்டுக்குள் வேண்டாம், பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள், சாவி ஒருவரிடமே இருக்கட்டும்.

இத்தனைக்கும் மேல் ஒருவர் விழுந்துவிட்டால், உடனே வயலை விட்டுத் தூக்குங்கள். தூக்குகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். நனைந்த துணியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரால் உடம்பைக் கழுவுங்கள். நினைவு தப்பியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாணித் தண்ணீர், உப்புத் தண்ணீர், புளிக் கரைசல் எதையும் வாயில் ஊற்றாதீர்கள்; அது நுரையீரலுக்குள் போய்ச் சாவைச் சீக்கிரப்படுத்தும். 108க்குப் போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டப்பாவையும் கூடவே எடுத்துப் போங்கள். அங்கே அட்ரோபின் போடுவார்கள். மூச்சு திணறினால் யந்திரத்தால் மூச்சு கொடுப்பார்கள். ஒரு நாளில் தேறிவிட்டான் என்று எண்ணி, நேர்த்திக்கடன் செலுத்த அழைத்து வந்துவிடாதீர்கள். ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்தும் மூச்சுத் தசையும் திடீரென்று ஓய்ந்துபோவது உண்டு. டாக்டர் விடுகிற வரையில் அங்கேயே இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கையுறையும் முகமூடியும் வாங்க ஏழைக்கு ஏது பணம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் இதுதான்: கூலிக்கு அழைக்கிறவர்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். பயிருக்கு விஷம் வாங்கப் பணம் இருக்கிறவருக்கு, அதை அடிக்கிறவன் உயிருக்கு உறை வாங்கவா பணம் இல்லை? அதைத் தர்மமாகக் கேட்காதீர்கள். உரிமையாகக் கேளுங்கள். ஒருவனாகக் கேட்டால் நாளைக்கு வேலை இல்லை என்பார். ஊர்க்கூலிக்காரர் எல்லோரும் ஜாதி பாராமல் ஒன்றாய்க் கேட்டால் யாரை நிறுத்துவார்? "எங்கள் உடம்புக்கு இதெல்லாம் பழக்கம்" என்று நாமே பெருமை பேசுகிறோமே, அதுதான் அடிமைப் புத்தி. விஷத்துக்குப் பழகிய உடம்பு கிடையாது. ஏழை உடம்பு மலிவானது என்று பிறர் நினைப்பதற்குப் பழகிய மனந்தான் உண்டு. சுயமரியாதை என்பது மேடையில் கைதட்டுவது மட்டுமல்ல. கையுறை இல்லாமல் விஷ டப்பாவைத் திறக்கமாட்டேன் என்று சொல்லுவதும் சுயமரியாதைதான்.

நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் மூலையில் கிடக்கும் டப்பாவை எடுத்து, அதன் வர்ணத்தையும் எழுத்தையும் பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு, நாளைக் காலையில் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டுவதற்கு முன், அந்த வாஷரைத் தொட்டுப் பாருங்கள்.