எஞ்சினுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்



கொச்சியில் மட்டாஞ்சேரிக் கடைவீதி வழியே நடப்போரை மிளகின் மணமும் சுக்கின் மணமும் முதலில் எதிர்கொள்ளும். அவ்வீதிக்கு அணித்தே உள்ள ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர் ஒருவரை அண்மையில் சந்தித்தோம். பழைய ஜீப்பின் சட்டம் ஒன்று அவரிடம் இருக்கிறது. அதன்மீது தாழ்ந்த, கூரையில்லாத, வேகமான கார் ஒன்றைத் தம் கையாலேயே கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. "எல்லாரும் போடுகிற எஞ்சின் வேண்டாம், ஐயா. எவரும் போடாத ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். மீன்பிடி வள்ளத்தின் பின்புறம் மாட்டும் எஞ்சின் ஒன்று மலிவாக வந்திருக்கிறதாம். மூன்று நாளில் முடிவு சொல்ல வேண்டுமாம். சில ஆண்டுச் சேமிப்பு முழுவதும் அதில் போய்விடும். அவருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்ல விழைகிறோம்.

இவ்வாசை புதியதன்று. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் 1930-களில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களின் பாரத்தைக் குறைத்து, எஞ்சினை வலுவாக்கி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தனர். 1932-இல் ஃபோர்டு வெளியிட்ட எட்டு உருளை எஞ்சின் அவர்களுக்கு வரப்பிரசாதமாயிற்று.

நம் நாட்டில் இக்கலை விளையாட்டுக்காக அன்று, வயிற்றுப்பாட்டுக்காக வளர்ந்தது. தில்லியில் நெடுநாள் வாழ்ந்தவர்கள் 'பட்பட்டி' வண்டியை மறந்திருக்க மாட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் எஞ்சிய ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களின் பின்னால் பயணிகள் அமரும் பெட்டியை இணைத்தனர். பழைய எஞ்சின் தேய்ந்ததும் டீசல் எஞ்சினைப் பொருத்தினர். சௌராஷ்டிரத்தில் இருப்போர் என்ஃபீல்டு புல்லட்டின் முன்பாதியைக் கொண்ட 'சக்கடா'வைக் கண்டிருப்பீர்கள். பஞ்சாபில் வயலுக்கு நீரிறைக்கும் எஞ்சினே 'மாருத்தா' வண்டியை இழுத்தது. நம் சென்னையின் மீன்பாடி வண்டியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஆயினும் கிடைத்த எஞ்சினெல்லாம் பொருந்திவிடுமா? திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். எஞ்சினுக்கு ஐந்தேனும் பார்க்க வேண்டாமா?

முதலாவது, சுற்று வேகம். திருவொற்றியூரில் உருவான புல்லட் இதற்கு நல்ல சான்று. அதன் 350 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் ஏறத்தாழ 18 குதிரைத் திறன் தந்தது. அதே வண்டியில் 325 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சினைப் பொருத்தி 'டாரஸ்' என்னும் பெயரில் விற்றபோது கிடைத்தது ஆறரைக் குதிரைத் திறனே. எரிபொருள் வெகுவாக மிஞ்சியது, வேகமோ குறைந்தது. மெல்லச் சுழலும் எஞ்சினுக்கு வேகமாகச் சுழலும் எஞ்சினின் கியர் விகிதம் ஒத்துவராது. எஞ்சினை மாற்றுகிறவர் கியர் பெட்டியையும் பின் அச்சையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இரண்டாவது, குளிர்ச்சி. நம் இளைஞர் கண்ட வள்ளத்து எஞ்சின் தோற்றது இங்கேதான். அதன் சுழல்தண்டு செங்குத்தாக நிற்பது. காரின் சக்கரத்துக்கு விசையைத் திருப்புவது பெரும் தொல்லை. மேலும் அது மிதக்கும் நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது. சாலையில் ஏது காயல்?

மூன்றாவது, எடை. முன்புறம் பாரம் கூடினால் திருப்பமும் தடையும் கெடும். வேகத்தைக் கூட்டுகிறவர் முதலில் பிரேக்கைக் கூட்ட வேண்டும். நான்காவது, உதிரி பாகம். எவரும் போடாத எஞ்சினுக்கு எவரும் பாகம் விற்பதுமில்லை. ஐந்தாவது, சட்டம், அதற்குப் பின்னர் வருவோம்.

இவ்விடத்தில் கோவை எஸ். கரிவரதனை நினைவுகூர்தல் தகும். சோழவரம் பந்தயங்களில் பெயர் பெற்ற அவர், இளைஞர் பலரும் ஓட்டக்கூடிய பந்தயக் கார் ஒன்றை உருவாக்க முனைந்தார். அதற்கு அவர் தேர்ந்த எஞ்சின், வீட்டுக்காரர்கள் கடைக்குப் போய்வரும் மாருதி 800-இன் 796 கன சென்டிமீட்டர், மூன்று உருளை எஞ்சின்! பந்தயக் காருக்கு அவ்வளவு சிறிய எஞ்சினா எனத் தோன்றும். ஆனால் அது இலேசானது, மலிவானது, ஊர்தோறும் பாகம் கிடைப்பது. எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் வெற்றி ஓட்டுபவரின் திறமையையே சார்ந்தது. 1988-இல் பிறந்த 'ஃபார்முலா மாருதி' இதுவே. இதில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்றில் இடம்பெற்ற முதல் இந்தியரானார். 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரைக் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துப் பந்தயக் களம் தாங்கி நிற்கிறது. புதுமை எஞ்சினில் இல்லை, தேர்வில் இருக்கிறது என்பதே அவர் நமக்குக் காட்டிய பாடம்.

இனிச் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் உற்பத்தியாளர் முதலில் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரள உயர்நீதிமன்றத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. மீறினால் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ நேரலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் எழும். அங்கீகாரம் பெற்ற தொகுப்பைக் கொண்டு மின்கலத்துக்கோ எரிவாயுவுக்கோ மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. மற்றபடி மனம்போல் கட்டிய வண்டிக்குரிய இடம் பொதுச் சாலையன்று. மூடிய பந்தயக் களமே.

இவற்றையெல்லாம் கேட்ட இளைஞரின் முகம் வாடிற்று. "அப்படியானால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?" என்றார். வேண்டா என்றோம். ஜீப்பை அதற்குரிய எஞ்சினோடே செப்பனிட்டுச் சாலையில் ஓட்டுக. களத்துக்கான காரை வேறொரு சட்டத்தில், சிறிய எஞ்சினோடு தொடங்குக என்றோம். நான்காம் நாள் மீண்டும் அவ்வழியே சென்றோம். வள்ளத்து எஞ்சினை அவர் வாங்கவில்லை. ஜீப்பின் பழைய எஞ்சினைப் பிரித்து, பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கின்மேல் வரிசையாக அடுக்கியிருந்தார். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம், அதில் எடைக்கணக்கு.

கணக்கில் தொடங்கிய ஆசை வீணாவதில்லை. அவர் கை ஓங்குக!