கண்ணாடித் தொட்டிக்கு வந்த புது விருந்தாளி

(தோட்டப் பொது மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



பட்டணத்து மீன் கடைகளில் ஆக்சோலோட்டல் என்னும் பிராணியை உங்களுள் சிலர் கண்டிருப்பீர்கள். பிள்ளைகளின் ஆசைக்காகச் சிலர் வாங்கியும் வந்திருக்கிறீர்கள். நீரில் வாழினும் அது மீன் அன்று. பல்லியைப் போல் தோன்றினும் பல்லி அன்று. தவளைக்கு உறவான சாலமாண்டர் வகையைச் சேர்ந்தது. தலையின் இருபுறமும் இறகுபோல் விரிந்திருப்பவை அதன் செவுள்கள். சாலமாண்டர்களில் பல வளர்ந்ததும் செவுளை இழந்து கரையேறும். இதுவோ குழந்தைக் கோலம் மாறாமல் நீரிலேயே இருந்து, அக்கோலத்திலேயே முட்டையிட்டு இனம் பெருக்குகிறது. கால் அறுந்தால் புதுக்கால் முளைக்கும் என்பதும் உண்மையே. ஆனால் வெப்பத்தை மட்டும் அதனால் தாங்க இயலாது.

அதன் தாயகம் மெக்சிகோ நகரில் உள்ள சோச்சிமில்கோ ஏரியும் அதன் கால்வாய்களும். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேற்பட்ட இடம். நம் கேமரன் மலை ஊர்களைவிட உயரம். 16 முதல் 18 பாகை செல்சியஸ் வரையிலான நீர் அதற்கு ஏற்றது. 24 பாகையைத் தாண்டினால் நோயுறும். நம் தோட்ட வீடுகளில் நிழலில் வைத்த நீரே பகலில் 28 பாகை அளவுக்குச் சூடேறிவிடுகிறது.

இதனை நாங்கள் அறிந்தது ஓர் இழப்பின் வாயிலாகத்தான். ஈராண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. எந்த நீரிலும் வாழும் என்று கடைக்காரர் சொன்னார், கேட்டுக்கொண்டோம். அன்றே தொட்டியில் குழாய் நீரை நிரப்பி விட்டோம். சில நாட்களில் அதன் செவுள்கள் முன்னோக்கி வளைந்தன. அது துன்பத்தின் அறிகுறி என்று எங்களுக்குத் தெரியவில்லை. அழகு என்று எண்ணிப் படம் பிடித்தோம். ஒன்பதாம் நாள் காலையில் பிள்ளைதான் முதலில் பார்த்தான்.

ஆகவே, பிராணி வருமுன் தொட்டி ஆயத்தமாக வேண்டும். அதன் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றும். அந்நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று கண்ட பிறகே பிராணியை விடுக. குழாய் நீரில் உள்ள குளோரினை நீக்கும் மருந்து மீன் கடைகளில் கிடைக்கும்.

கூழாங்கற்கள் வேண்டாம், இரையோடு விழுங்கிவிடும். அதற்குக் கண்ணிமை இல்லை. ஆதலால் விளக்கொளி ஆகாது. பதுங்கிக் கொள்ள ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வாசல் விட்டு வைத்தால் போதும். முதல் சில நாட்கள் உண்ணாமல் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கண்ணாடியைத் தட்டாமலும், கையில் எடுக்காமலும் விட்டுவிடுங்கள். அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவதைக்கூடச் சற்றுத் தள்ளிப் போடலாம்.

மண்புழு அதற்கு நல்ல உணவு. ஆனால் களைக்கொல்லி தெளித்த செம்பனை நிரைகளில் தோண்டிய புழுவைக் கொடுக்கலாகாது. வீட்டுக் காய்கறிப் பாத்தியில், மருந்து படாத மண்ணில் எடுங்கள்.

குளிர்ச்சிக்கு வழி என்ன? நீர்ப்பரப்பின்மேல் விசிறி வீசினால் சில பாகை குறையும். நம் ஊருக்கு அது போதாது. பனிக்கட்டிப் புட்டிகளைப் போட்டு எடுத்தால் நீர் ஏறி இறங்கி அதனை மேலும் வாட்டும். நீரைக் குளிர்விக்கும் கருவியே உறுதியான வழி. அதன் விலையோ பிராணியின் விலையைவிடப் பன்மடங்கு, மின்கட்டணமும் கூடும். இந்தச் செலவை ஏற்க இயலாதவர்கள் வாங்காமல் இருப்பதே நன்று என்று ஒளிவின்றிச் சொல்கிறோம். வளர்க்க முடியவில்லை என்று ஆற்றிலோ கால்வாயிலோ விடுவதும் தகாது. குளிர்ந்த தொட்டி உள்ள ஒருவரிடம் ஒப்படைத்து விடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் நாளை நண்பகல் ஒரு வெப்பமானியைத் தொட்டிக்குள் இட்டுப் பாருங்கள். அளவைக் குறித்துக்கொண்டு எங்களிடம் வந்தால், மேற்கொண்டு செய்ய வேண்டியதைப் பேசுவோம்.