அப்பாவுக்கு ஓர் ஓலைக் கடிகாரம்

(தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, காணி உறுதி என்றுதான் கதைப்போம். இன்றைக்குப் பிள்ளைகள் அப்பாவுக்குச் செய்து கொடுக்கக்கூடிய சின்னச் சாமான்களைப் பற்றிக் கதைக்கப் போகிறோம் என்றதும் பின்னால் நிற்கிற அண்ணன்மார் சிலர் சிரித்தது காதில் விழுந்தது. சிரியுங்கள். அந்தச் சிரிப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

ஜூன் மாதத்து மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினம். கடைகளில் கோப்பைகளும் வாழ்த்து மட்டைகளும் வந்துவிடும். இது காசுள்ளவர்களின் கொண்டாட்டம், தோட்டத்துக்கு எதற்கு என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். தேடி வாசித்தபோது கதை வேறாக இருந்தது. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில் மொனொங்கா என்ற ஊரில் 1907 டிசம்பர் 6ஆம் திகதி நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 360க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்களில் பலர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போனவர்கள், நம்முடைய கொள்ளுத் தாத்தாமார் மலைக்கு வந்ததைப் போல. அடுத்த வருடம் ஜூலை 5ஆம் திகதி பக்கத்து ஊரான ஃபெயார்மொன்டில், கிரேஸ் கோல்டன் கிளேட்டன் என்ற பெண்ணின் வேண்டுகோளின்படி, இறந்துபோன அந்த அப்பாமாரை நினைத்துத் தேவாலயத்தில் ஒரு வழிபாடு நடந்தது. பிறகு 1910இல் ஸ்போகேன் நகரில் சொனோரா ஸ்மார்ட் டொட் என்ற பெண் தொடங்கி வைத்ததுதான் நாடெல்லாம் பரவி, 1972இல் அங்கே சட்டமானது. ஆனால் அதற்கும் முன்னால் அந்த நாளில் நினைக்கப்பட்டவர்கள் சுரங்கத்துக்குள் இறங்கிய கூலித் தொழிலாளர்கள். கோப்பை விற்கிற கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

இனி எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னர் வகுப்பில் மினுக்குக் கடதாசி வாங்கப் பிள்ளைக்கு இருநூறு ரூபாய் கொண்டுவரச் சொன்னோம். மூன்று பிள்ளைகள் அந்தக் கிழமை முழுக்கப் பாடசாலைக்கு வரவில்லை. இரண்டு பேர் காசில்லாமல் வரவில்லை. மூன்றாவது பிள்ளையிடம் காசு இருந்தது, அப்பாதான் இல்லை. போரும் 2004 டிசம்பர் 26 கடல்கோளும் போன இந்தக் கரையில் அதை முதலே யோசிக்காத ஆசிரியர்கள் நாங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு விசயத்தில் உறுதியாக இருக்கிறோம். காசு கேட்பதில்லை. யாருக்குச் செய்வது என்பதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு, வாப்பாவுக்கு, அப்பப்பாவுக்கு, மாமாவுக்கு, தனியாய் வளர்க்கிற அம்மாவுக்கு, யாருக்கும் செய்யலாம். செத்துப்போன அப்பாவுக்குத்தான் செய்வேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதையும் விட வேண்டும். "அப்பா இல்லையே, மாமாவுக்குச் செய்யேன்" என்று நாங்கள் மாற்றிவிடக் கூடாது. ஒரு பிள்ளை செய்ததைக் கொண்டுபோய் படத்தடியில் வைத்தது. வேறென்ன வேண்டும்?

சரி, ஓலைக்கு வருவோம். மலையில் தேயிலைக்குள் வளர்ந்த எங்களுக்கு ஓலை வேலை தெரியாது. இங்கே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் பழக்கினார்கள். குருத்தோலை பின்னுவதற்கு வாகாய் இருக்கும், ஆனால் குருத்தைத் தொட வேண்டாம். தென்னை மாதத்துக்கு ஓர் ஓலைதான் விடும், ஒவ்வோர் ஓலையின் மடியிலும் ஒரு பாளை. ஓலை போனால் குலை போகும், அப்பாவுக்குக் கணக்காளரிடம் ஏச்சும் விழும். காய் பறிக்கும்போது வெட்டி விழுத்தும் பச்சை ஓலையே போதும்.

ஓர் ஓலையில் ஈர்க்கை உருவினால் இரண்டு நாடா வரும். சிறு பிள்ளைக்கு ஈர்க்கைப் பெரியவர்களே உருவிக் கொடுங்கள், கத்தியைக் கொடுக்க வேண்டாம். கச்சான் காற்று வீசுகிற மாதம் இது. அரை மணித்தியாலத்தில் ஓலை முறுகி ஒடிந்துவிடும், அதனால் ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு ஒவ்வொன்றாய் எடுங்கள். இரண்டு நாடாவையும் சிலுவை போல நடுவில் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். நாலு நுனி இருக்கும். முதல் நுனியை இரண்டாவதின் மேல் மடியுங்கள், இரண்டாவதை மூன்றாவதின் மேல், மூன்றாவதை நாலாவதின் மேல். நாலாவது நுனியை முதல் மடிப்பின் ஓட்டைக்குள் செருகி நாலையும் மெதுவாய் இழுத்தால் இறுகிய சதுரம் ஒன்று வரும். அதுதான் கடிகாரத்தின் முகம். எதிரெதிர் நுனி இரண்டு கைக்குக் கட்டும் வார், மற்ற இரண்டையும் நறுக்கிவிடலாம். இலக்கத்தைப் பேனையால் போடட்டும். ஒரு பிள்ளை முள்ளை ஐந்து மணியில் நிறுத்தியது. ஏன் என்று கேட்டோம். அப்பா வேலை விட்டு வருகிற நேரமாம்.

அடுத்தது சிரட்டை. மூன்று கண்ணுள்ள பாதியை எடுத்து, காய்ந்த மட்டைத் துண்டால் மணலைத் தொட்டுத் தொட்டு வெளிப்புறம் தேய்க்க வேண்டும். ஒருநாளில் முடியாது. மூன்று நாலு பின்னேரம் போகும், பிள்ளைக்கு அதில் அலுப்பும் வரும், வரட்டும். தும்பு போய் வழவழப்பானதும் தேங்காயெண்ணெய் தடவித் துணியால் துடைத்தால் கறுத்து மினுங்கும். மெல்லிய கண்ணை ஓர் ஆணியால் தட்டித் திறந்து தும்புக் கயிற்றைக் கோத்து வாசலில் தொங்கவிட்டால் திறப்பு, தீப்பெட்டி, வெற்றிலை எல்லாம் போடலாம். கயிற்றைத் தொடையில் வைத்துத் திரிக்க அப்பம்மாவிடம் கேளுங்கள். குரும்பட்டியை ஈர்க்கில் குத்தித் தேர் செய்வது உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. வாவிக் கரையில் கம்பு முறிக்கப் போகிற பிள்ளை தில்லையை முறித்துவிடக் கூடாது, அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பச்சைக் கஜுக் கொட்டையை அழகுக்கென்று ஒட்ட வேண்டாம், கோதின் எண்ணெய் தோலைச் சுட்டுவிடும்.

நாங்கள் எல்லாவற்றிலும் விரும்புவது கை வரைதலை. பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அப்பா கையை விரித்து வைக்க, பிள்ளை பென்சிலால் சுற்றி வரைய வேண்டும். காய்ந்ததும் கறுத்ததும் உள்ள இடங்களை அப்பாவிடம் கேட்டுக் கேட்டு உள்ளே குறிக்க வேண்டும். இது அலவாங்கில் தேங்காய் உரித்த காய்ப்பு, இது கயிறு வெட்டிய தழும்பு என்று. பிறகு அதற்குள் தன் கையை வைத்து வரையும். அப்பா என்ன வேலை என்று கேட்டால் 'கூலி' என்று ஒரு சொல்லில் முடித்த பிள்ளைகள் இதை வரைந்த பிறகு ஒரு பக்கம் எழுதினார்கள்.

அப்படி வந்த தாள் ஒன்றில் ஆட்காட்டி விரல் பாதியில் நின்றது. வரையத் தெரியவில்லை என்று நினைத்துத் திருத்தப் போனோம். "இல்லை டீச்சர், அப்பாவின் விரல் அவ்வளவுதான்" என்றது பிள்ளை. வேலையில் கத்தி பட்டுப் போன விரல். கட்டுப் போட்டதோடு முடிந்தது, ஒரு சதமும் கிடைக்கவில்லை, கேட்கலாம் என்றும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் வேலையில் உறுப்பை இழந்தவருக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மூன்று வருடமாய் எங்கள் கூட்டத்துக்கு வந்து கடைசி வாங்கில் கையைச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு இருந்த மனிதர் அவர். சங்கத்துக்காரர் நாங்கள் காணவில்லை, ஏழு வயதுப் பிள்ளை கண்டது. அந்தத் தாளை அவர் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். விரலை நீட்டி வரைந்து தரச் சொல்லவில்லை.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறோம். அண்ணன்மாரே, பிள்ளை கொண்டுவந்து தரும்போது "இதென்ன குப்பை" என்று சொல்லாதீர்கள், பகிடிக்கும் வேண்டாம். சம்பள நாளோடு அந்த ஞாயிறு வந்தால் இருட்டும் மட்டும் தவறணையில் நிற்காதீர்கள். நாலு பின்னேரம் சிரட்டை தேய்த்த பிள்ளை வாசலில் நித்திரையாகிப் போனதை நாங்கள் கண்டிருக்கிறோம். ஓலைக் கடிகாரத்தைக் கட்டிவிட்டால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போங்கள். ஒருவர் அப்படியே போனார். கூட வேலை செய்தவர்கள் நாள் முழுக்க மணி கேட்டார்களாம். அவரும் ஒவ்வொரு தரமும் கையைத் தூக்கிப் பார்த்து "அஞ்சு மணி" என்றாராம். இரண்டு நாளில் ஓலை காய்ந்து சுருங்கிப் போனது, மகள் இன்னொன்று பின்னிக் கொடுத்தாள்.

அப்பா கட்டாரிலோ சவுதியிலோ இருக்கிற பிள்ளைகள் கை வரைதலைத் தபாலில் அனுப்பலாம். அப்பா தன் கையை வரைந்து போனில் படமெடுத்து அனுப்பினால், பிள்ளை இங்கே பார்த்து வரைந்துகொள்ளும்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பாடசாலை மாமரத்தடியில் இருப்போம். ஓலையைப் பறிகாரத் தோழர்கள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் காசு கொண்டுவர வேண்டாம். ஊறப்போட இரண்டு வாளி வேண்டும், வைத்திருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்.