பஞ்சு போனது, துணி வந்தது

நம்ம திருச்சி உறையூரில் நெய்த மெல்லிய துணி சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாடியே கப்பலேறி மேற்கு நாடுகளுக்குப் போனது. நம் சரக்குக்காக ரோமாபுரிப் பணம் இந்தியாவுக்குப் போகிறதே என்று பிளினி என்ற ரோமானியர் வருத்தப்பட்டு எழுதினார்.

1800களில் எல்லாம் தலைகீழாச்சு. இங்கிலாந்து மில் துணி மலிவாக வந்து இறங்கியது. இங்கிருந்து பஞ்சு போனது. வீட்டில் நூல் நூற்ற பெண்களின் வருமானம் போச்சு. அவர்கள் நம்மைவிட அறிவாளிகள் என்பதல்ல காரணம். மெஷினும் ஆட்சியும் அவர்கள் கையில் இருந்தது.

இன்றைக்கு ஸ்ரீரங்கம் பக்கம் நாம் வாழைத்தாரை அப்படியே வியாபாரிக்குக் கொடுக்கிறோம். சிப்ஸை மட்டும் பாக்கெட்டில் வாங்குகிறோம். இதுவும் அதே கணக்குதானே? போதாவூர் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் பயிற்சி தருகிறார்கள். எந்தக் குழு முதலில் போவது? அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுப்போம்.