இலங்கைச் சுற்றுலா: பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வரும் அரையாண்டு விடுமுறையில் ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து இலங்கை போகலாம் என்று பேச்சு நடக்கிறது. பெரும்பாலானோருக்கு இதுதான் முதல் வெளிநாடு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சேஃப்டி பிரிவில் இருந்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். எந்த ஓட்டலுக்குப் போனாலும் எமர்ஜென்சி எக்ஸிட் எங்கே என்று முதலில் தேடுகிற ஆள் நான். வீட்டில் இதற்காக நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இலங்கைக்குப் போகும் முன் பழவேற்காட்டை நினைத்துப் பாருங்கள். 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பமாக வந்தவர்கள் ஒரே படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அது நம் பக்கத்து ஏரி. நம் மொழி பேசும் ஊர். அங்கேயே "இத்தனை பேர் ஏறினால் படகு தாங்குமா, லைஃப் ஜாக்கெட் எங்கே" என்று கேட்டு, பதில் சரியில்லை என்றால் இறங்கி வரக் கூச்சமாக இருக்கிறது. தெரியாத நாட்டில், முழுப் பணமும் கட்டிவிட்ட பிறகு, இன்னும் கூச்சமாக இருக்கும்.

ஃபேக்டரியில் ஒரு விதி உண்டு. வேலை ஆபத்து என்று தோன்றினால் ஹெல்பர்கூட நிறுத்தச் சொல்லலாம். டூர் பேக்கேஜ் பார்க்கும்போதும் நான் இதைத்தான் தேடுவேன். "மழை பெய்தால் என்ன செய்வீர்கள்? கடல் சரியில்லை, படகில் ஏற மாட்டோம் என்றால் பணம் திரும்புமா? வேறு இடம் காட்டுவீர்களா?" ஏஜென்டிடம் இதைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" என்பது பதில் அல்ல. தலைக்கு இரண்டாயிரம் ரூபாய் அதிகமானாலும் இதற்குப் பதில் எழுதித் தருகிறவரிடம் போங்கள்.

அடுத்து, மாதம். டிசம்பர் நமக்கு எப்படியோ இலங்கையின் கிழக்குக் கரைக்கும் அப்படித்தான், வடகிழக்குப் பருவமழை. திருகோணமலையில் கோணேஸ்வரர் தரிசனம் செய்யலாம். ஆனால் நிலாவெளியில் இறங்கிக் குளிப்பதும் புறாத்தீவுக்குப் படகில் போவதும் அந்த மாதத்தில் வேண்டாம். அதே டிசம்பரில் தெற்கே மிரிஸ்ஸ பக்கம் கடல் பொதுவாக அமைதி, திமிங்கலம் பார்க்கும் சீசனும் அதுதான். மே விடுமுறை என்றால் இது அப்படியே தலைகீழ். மே மாதத்தில் மிரிஸ்ஸவில் திமிங்கலம் காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு அந்த ஊர் தெரியாது என்று பொருள்.

மலைப்பகுதிக்கும் மழைக்கணக்கு உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் மலை சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். நம்மூர்ப் பயணிகள் பலர் கொழும்பு விமான நிலையத்தில் நாள்கணக்கில் சிக்கிக் கிடந்தார்கள். அதனால் ஓரிரு நாளுக்குக் கூடுதலாக மாத்திரையும் கைச்செலவுக்குப் பணமும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நாளில் கொழும்பு, கண்டி, நுவரெலியா, எல்ல, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். இங்கிருந்து நெல்லூருக்கு ஹைவேயில் இரண்டு மணி நேரத்தில் போய்விடுவோம். அதைவிடக் குறைவான தூரம்தான் கொழும்பு–கண்டி. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கு மேலே நுவரெலியாவுக்கு வளைவு வளைவாக மலைப்பாதை. இத்தனை ஊரையும் ஐந்து நாளில் திணித்தால் டிரைவர் இரவிலும் ஓட்டியாக வேண்டும். 2025 செப்டம்பரில் எல்ல–வெல்லவாய சாலையில் சுற்றுலா முடிந்து இரவில் திரும்பிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அவர்கள் அந்த நாட்டுக்காரர்கள்தான். ஆகவே நோட்டீஸில் ஊர்களை எண்ணாதீர்கள், ஒரு நாளில் வண்டி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேளுங்கள். இருட்டிய பிறகு மலைப்பாதை கூடாது என்பதையும் எழுதி வாங்குங்கள். நாமும் கடைத்தெருவில் இரண்டு மணி நேரம் தாமதம் செய்துவிட்டு டிரைவரை விரட்டக் கூடாது. பெண்கள் பக்கம் பார்த்துச் சொல்லவில்லை, ஆண்கள்தான் டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறோம்.

ஏஜென்ட் சரியானவரா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்பவர் டிசிஎஸ் வரி பிடிக்க வேண்டும் என்பது 2020 அக்டோபரிலிருந்து சட்டம். பான் எண் கேட்பார், பில் தருவார். அந்த வரியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் திரும்பப் பெறலாம். "கேஷாகக் கொடுங்கள், டிசிஎஸ் வேண்டாம்" என்கிறவரிடம் நாளை ஒரு தகராறு வந்தால் காட்ட உங்கள் கையில் எதுவுமே இருக்காது. அங்கே வரும் வழிகாட்டியிடம் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அடையாள அட்டை இருக்க வேண்டும். விசா அனுமதியை அந்த நாட்டு அரசின் தளத்தில் மட்டும் வாங்குங்கள். அதே பெயரில் போலித் தளங்கள் உண்டு.

இன்ஷூரன்ஸில் இரண்டு இடம் பாருங்கள். சர்க்கரை, பிரஷர் போன்ற பழைய நோய்க்குக் கவர் உண்டா? படகு, ஜிப்லைன் போன்ற சாகசங்களுக்கு உண்டா? சிகிரியா ஏற ஆயிரத்துக்கு மேல் படிகள். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கீழேயே தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம், அதுவும் அழகுதான்.

அங்கே போலீஸுக்கு 119. ஆம்புலன்ஸுக்கு 1990. இந்தியா கொடுத்த உதவியில் 2016-ல் தொடங்கிய இலவச சேவை அது, தமிழிலும் பேசலாம். பாஸ்போர்ட்டை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். தொலைந்தால் முதலில் போலீஸில் புகார், பிறகு கொழும்பில் இந்தியத் தூதரகம். கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும்கூட நம் அலுவலகங்கள் இருக்கின்றன. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி வேண்டாம். 2012-ல் சிலையோடு அப்படி விளையாட்டாகப் படமெடுத்த பிரெஞ்சுப் பயணிகள் கோர்ட்டு வரை போனார்கள்.

சிப்காட்டில் காண்ட்ராக்டில் இருக்கும் தம்பிகளுக்கு ஒன்று. "டூரிஸ்ட் விசாவில் தாய்லாந்து வா, டேட்டா என்ட்ரி வேலை, டிக்கெட் நாங்களே போடுகிறோம்" என்ற அழைப்பை நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் 2022-ல் மியான்மரின் மியாவாடியில் சைபர் மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள். மீட்டுக் கொண்டுவர அரசுகள் தலையிட வேண்டியிருந்தது. வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் இ-மைக்ரேட்டில் பதிவானவரா என்று பாருங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது, நேரில் போயும் கேட்கலாம்.

பெயர் கொடுத்திருக்கும் குடும்பங்கள் ஆளுக்கு ஒரு தாள் எழுதி வாருங்கள். ரத்த வகை, தினமும் போடும் மாத்திரை, ஊரில் யாருக்கு போன் செய்வது, இந்த மூன்றும் போதும். ஞாயிற்றுக்கிழமை ஏஜென்ட் வருகிறார். கேள்விகளை நான் கேட்கிறேன், பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.