கலவையும் கரைசலும்: அளவீட்டுக்கு ஏற்ற தமிழ்



மொழி குறித்த பொழிவு வரிசையில் திரவக் கலவைகளின் வெப்ப இயக்கவியலுக்கு என்ன வேலை என்று அவையோர் சிலர் எண்ணக்கூடும். அளவீடு என்பது கருவியால் மட்டும் நிகழ்வதன்று. எதை அளந்தோம், எதனோடு ஒப்பிட்டோம், எவ்வாறு சேர்த்தோம் என்பவற்றைச் சொல்லும் சொற்களாலும் அது நிகழ்கிறது. சொல் வழுவினால் எண் சரியாக இருந்தும் பொருள் வழுவிவிடும். இதற்குத் திரவக் கலவையைக் காட்டிலும் தெளிவான சான்று அரிது.

ஐம்பதும் ஐம்பதும்

அறை வெப்பநிலையில் 50 மில்லிலிட்டர் நீரையும் 50 மில்லிலிட்டர் தூய எத்தனாலையும் ஒன்றாகக் கலந்தால் கிடைப்பது 100 மில்லிலிட்டர் அன்று. 96க்கும் 97க்கும் இடைப்பட்ட அளவே. கலக்கும்போது கலன் சற்றே சூடாவதையும் கையால் தொட்டு உணரலாம். தராசிலோ எக்குறைவும் தெரிவதில்லை. பொருண்மை அப்படியே இருக்கிறது. கன அளவு மட்டும் சுருங்கியிருக்கிறது.

பள்ளி நூல்களில் திரவத்தின் கன அளவைக் குறிக்கக் கொள்ளளவு என்னும் சொல் வழங்குகிறது. கொள்ளளவு என்பது சொல்லமைப்பின்படி கலன் கொள்ளும் அளவு. கலனின் கொள்ளளவு மாறவில்லை. திரவத்தின் கன அளவே மாறியது. இந்தச் சோதனையை விளக்கும்போது இரு சொற்களையும் பிரித்து ஆளும் ஆசிரியர் மாணவரின் பாதிக் குழப்பத்தைத் தொடக்கத்திலேயே நீக்கிவிடுகிறார்.

எத்தனால்–நீர்க் கலவையின் அடர்த்தியை நுணுகி ஆராய்ந்தவர்களுள் தனிம அட்டவணையால் புகழ்பெற்ற மெண்டலீவும் ஒருவர். 1865இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வே ஆல்கஹாலும் நீரும் கூடுவதைப் பற்றியதுதான். அதே 1865இல் கிளவுசியஸ் என்னும் செருமானிய அறிஞர் 'என்ட்ரோபி' என்னும் சொல்லைப் படைத்தார். வாழும் மொழிகள் எல்லாவற்றிலும் ஒரே பொருளில் வழங்கவேண்டும் என்று கருதியே அவர் பழங்கிரேக்க வேரை நாடினார். ஒருவர் அளந்தார், ஒருவர் பெயரிட்டார். அறிவியலுக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

அளக்கும் முறைகள்

அடர்த்தியை அளக்கப் பழைய முறை, அளவறிந்த சிறு குப்பியை நிரப்பி எடைபோடுவது. இன்று பெரிதும் பயன்படுவது அதிர்குழல் முறை. வளைந்த கண்ணாடிக் குழலில் திரவத்தை நிரப்பி அதிரச் செய்தால், அடர்த்தி மிகுந்த திரவம் இருக்கும்போது ஓர் அதிர்வுக்கு ஆகும் காலம் நீளும். அக்காலத்தின் வர்க்கத்தைக் கொண்டு அடர்த்தி கணிக்கப்படுகிறது. அடர்த்தி தெரிந்த நீரையும் காற்றையும் கொண்டு கருவியை முன்னரே சீர்செய்வர். வெப்பநிலை சிறிது பிறழ்ந்தாலும், குழலுக்குள் ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் எண் பொய்த்துவிடும்.

கலக்கும் வெப்பத்தை அளக்க வெப்ப அளவி உண்டு. இரு திரவங்களையும் தெரிந்த வேகத்தில் செலுத்தி, அவை சந்திக்கும் இடத்தில் வெளிப்படும் அல்லது உட்கொள்ளப்படும் வெப்பத்தை மின்னாற்றலால் ஈடுசெய்து கணக்கிடுவர். ஆவியின் இயல்பை அறிய, கொதிக்கும் கலவையின் திரவப் பகுதியையும் ஆவிப் பகுதியையும் தனித்தனியே எடுத்து அவற்றின் இயைபைக் காண்பர். எத்தனால்–நீர்க் கலவையைக் காய்ச்சி வடிக்கையில் எத்தனால் பொருண்மையில் ஏறத்தாழ 95.6 விழுக்காட்டை எட்டியதும் திரவமும் ஆவியும் ஒரே இயைபு கொள்கின்றன. அதற்குமேல் எளிய வடித்தலால் பிரிக்க இயலாது. இதனைக் கொதிநிலை மாறாக் கலவை என்று தமிழ்ப் பாடநூல்கள் வழங்குகின்றன. சொல்லே விளக்கமாக அமைந்த நல்ல ஆக்கம் இது.

கரைபொருளும் கரைப்பானும்

இனிச் சொற்களை நோக்குவோம். 'கரை' என்னும் வினை தமிழில் இருவகையாக நடக்கும். உப்பு கரைகிறது, இது தன்வினை. நீர் உப்பைக் கரைக்கிறது, இது பிறவினை. கரைபொருள் என்னும் வினைத்தொகை தன்வினையின் வழியும், கரைப்பான் என்னும் பெயர் பிறவினையின் வழியும் பிறந்தவை. எது கரைகிறது, எது கரைக்கிறது என்பதை வல்லொற்று ஒன்றே காட்டிவிடுகிறது. மாணவர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, இலக்கணமே நினைவூட்டும்.

ஆனால், சரிபாதி எத்தனாலும் நீரும் சேர்ந்திருக்கும்போது கரைப்பான் எது? இங்குத்தான் கலவை, கரைசல் என்னும் வேறுபாடு தேவைப்படுகிறது. தூய, பயன்பாட்டு வேதியியலுக்கான அனைத்துலக ஒன்றியத்தின் வழக்கில், எல்லாக் கூறுகளையும் ஒரே நிலையில் வைத்து நோக்கினால் அது கலவை. ஒரு கூறினைக் கரைப்பான் எனத் தனித்து நிறுத்தி நோக்கினால் அது கரைசல். குப்பியில் இருப்பது ஒன்றே, நோக்கு வேறு. தமிழில் இவ்விரு சொற்களும் ஆயத்தமாக இருக்க, ஒன்றற்கு மற்றொன்றை மாற்றி எழுதுவது சொற்செல்வத்தை வீணாக்குவதாகும்.

ஒரு மகரத்தின் வேறுபாடு

திரவம் என்பதற்கு நீர்மம் என்னும் தூய தமிழ்ச்சொல் உண்டு, அழகிய சொல்லும்கூட. எனினும் நீர்மக் கலவை, நீர்க்கலவை என்னும் இரண்டையும் வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முன்னது எத்திரவங்களின் கலவையும் ஆகலாம். அதில் ஒரு துளி நீரும் இல்லாதிருக்கலாம். பின்னது நீர் கலந்தது. ஒரு மகரம் செவியில் விழாது போனால் பொருளே மாறிவிடும். ஆகவே இத்துறையில் மட்டும் திரவக் கலவை என்றும், நீர் இருக்குமிடத்தில் நீர்க்கரைசல் என்றும் வழங்குவதே தெளிவு என நாம் கருதுகிறோம். தூய்மைக்கும் தெளிவுக்கும் போட்டி நேர்ந்தால் அளவியலில் தெளிவே முந்தவேண்டும்.

'மிகை' என்னும் சொல்லும் இத்தகையது. நல்லியல்புக் கலவைக்கு எதிர்பார்க்கும் மதிப்பை உண்மை மதிப்பிலிருந்து கழித்து வருவதை மிகை அளவு என்பர். எத்தனால்–நீர்க் கலவையில் மிகைக் கன அளவு சுழியினும் குறைவு. 'மிகை எப்படிக் குறையாகும்?' என்று மாணவர் கேட்டால் அது நல்ல கேள்வி. அங்கே 'வேறுபாடு' என்று முதலில் விளக்கி, அதன் குறியைச் சொல்லி, பின்னரே கலைச்சொல்லை அறிமுகப்படுத்துவது தக்கது.

இலக்கணம் தரும் வழி

நன்னூல் மெய்ம்மயக்கத்தை இரண்டாகப் பகுக்கிறது. 'பக்கம்' என்பதில் ககரம் தன்னோடு தானே மயங்குவது உடனிலை. 'பங்கு' என்பதில் ஙகரமும் ககரமும் மயங்குவது வேற்றுநிலை. எல்லா மெய்யும் எல்லா மெய்யோடும் மயங்குவதில்லை. எண்ணெயும் நீரும் அப்படித்தான்.

திரவக் கலவையிலும் இதே இரண்டு வினாக்கள் எழுகின்றன. ஒரே வகை மூலக்கூறுகள் தமக்குள் எவ்வளவு ஈர்க்கின்றன? வேறுவகை மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு ஈர்க்கின்றன? இவற்றை உடனிலை ஈர்ப்பு, வேற்றுநிலை ஈர்ப்பு எனப் பெயரிடலாம் என்பது நம் முன்மொழிவு. அசிட்டோனும் குளோரோஃபார்மும் கலக்கையில் வேற்றுநிலை ஈர்ப்பு மேலோங்குகிறது, வெப்பம் வெளிப்படுகிறது, ஆவியழுத்தம் ரௌல்ட் 1887இல் தந்த விதி கூறுவதினும் குறைகிறது. எத்தனாலும் வளைய ஹெக்சேனும் கலக்கையில் எத்தனாலின் உடனிலைப் பிணைப்புகள் குலைகின்றன, வெப்பம் உட்கொள்ளப்படுகிறது, கன அளவு சற்றே பெருகுகிறது.

உவமைக்கு எல்லை உண்டு. மரமும் வேரும் புணர்ந்து மரவேர் ஆகும்போது ஓர் எழுத்து உண்மையாகவே கெடுகிறது. கலவையிலோ ஒரு மூலக்கூறும் கெடுவதில்லை, இடம் மட்டுமே சுருங்குகிறது. எத்தனால்–நீர்க் கலவையோ இன்னும் சிக்கலானது. வெப்பம் வெளிவிட்டும், சுருங்கியும், ஆவியழுத்தத்தில் விதியை மிஞ்சி நிற்கிறது. ஈர்ப்பை மட்டும் கொண்டு அதனை விளக்க முடியாது. மூலக்கூறுகளின் ஒழுங்கமைவையும் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கேதான் கிளவுசியஸின் சொல் தேவைப்படுகிறது. அதனைத் தமிழகம் என்ட்ரோபி என்றும் இலங்கை எந்திரப்பி என்றும் எழுதுகின்றன. எதை ஆண்டாலும் ஒரு பாடநூல் முழுவதும் ஒன்றையே ஆளவேண்டும்.

சேர்ப்பதா, நிரப்புவதா?

இவை ஆய்வகத்துக்குள் அடங்கும் செய்திகள் அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட கைத்தூய்மித் திரவத்தின் செய்முறையில், 10 லிட்டர் செய்ய 96 விழுக்காட்டு எத்தனால் 8,333 மில்லிலிட்டர் எடுத்து, பிற பொருள்களையும் இட்டு, 10 லிட்டர் குறிவரை நீரால் நிரப்பவேண்டும். எஞ்சிய அளவைக் கழித்துக் கணக்கிட்டு, 'இத்தனை மில்லிலிட்டர் நீர் சேர்க்கவும்' என்று ஒருவர் மொழிபெயர்த்தால், மொத்தம் 10 லிட்டருக்குக் குறையும், செறிவும் மாறும். 'சேர்', 'நிரப்பு' என்னும் இரு வினைகளுக்கு இடையே உள்ள தொலைவு, முன்னர்க் கண்ட அந்த மூன்று நான்கு மில்லிலிட்டரின் தொலைவுதான்.

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு அறிவியல் தமிழை விட்டுப் பிரிகிறது. சிங்கப்பூரில் தமிழ் தாய்மொழிப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. ஆகவே நம் மாணவர் வெப்ப இயக்கவியலை வேறுமொழியில்தான் கற்பர். அதனை மாற்றும் ஆற்றல் ஒரு பொழிவுக்கு இல்லை. ஆயினும், ஒருவர் தம் மொழியில் துல்லியமாகப் பேசிப் பழகும் பருவம் தொடக்கப்பள்ளிப் பருவமே. அங்கே கரைபொருளையும் கரைப்பானையும், சேர்ப்பதையும் நிரப்புவதையும் பிரித்தறிந்த குழந்தை, பின்னர் எம்மொழியில் கற்றாலும் அந்தக் கூர்மையை உடன்கொண்டு செல்லும். தமிழ் விழாவுக்கும் வாழ்த்துக்கும் மட்டும் உரிய மொழி அன்று, அளந்து சொல்லவும் வல்ல மொழி என்பதும் அக்குழந்தையின் நெஞ்சில் நிற்கும்.

ஆசிரியப் பெருமக்களிடம் நம் வேண்டுகோள் எளியது. ஓர் அளவுகோல் குடுவை, நீர், ஆய்வகத்து எத்தனால், ஒரு தராசு போதும். அருகில் தீச்சுடர் இல்லாது, உங்கள் கையாலேயே செய்து காட்டுங்கள். கண்டதை மாணவரே தமிழில் ஐந்து வரி எழுதட்டும். பின்னர் எண்ணைத் திருத்துவதற்கு முன் வினைச்சொற்களைத் திருத்துங்கள்.